உத்தியோகம் மாறினால் பென்ஷனும் உடன் வருமா?

"அரைக் காசு உத்தியோகமானாலும் அரண்மனை உத்தியோகம்" என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். மருங்காபுரிக்காரர்களுக்கு இது வெறும் பழமொழியன்று. திருச்சிராப்பள்ளிச் சீமையின் பழைய பாளையங்களுள் ஒன்றாகிய அவ்வூரில் மெய்யாகவே ஓர் அரண்மனையும் ஜமீனும் இருந்தன. அவற்றை அண்டி வாழ்ந்த கணக்கரும் சேவகரும் இருந்தனர். 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு அந்த உத்தியோகங்கள் பழங்கதையாகிவிட்டன. ஆனால் பழமொழி மட்டும் ஒழியவில்லை. அரண்மனை இருந்த இடத்தில் சர்க்கார் வந்து அமர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

இன்று மருங்காபுரி, துவரங்குறிச்சி, மணப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் படித்து முடித்துத் திருச்சிக்கு வந்தால், அங்கே அவர்களுக்கு ஒன்றல்ல, பல அரண்மனைகள் காத்திருக்கின்றன. பொன்மலையில் 1928 முதல் நடந்துவரும் ரயில்வே தொழிற்சாலை இருக்கிறது. திருவெறும்பூரில் 'பெல்' என்னும் பாரத மிகு மின் நிறுவனம் இருக்கிறது. துப்பாக்கித் தொழிற்சாலை, துவாக்குடித் தொழில்நுட்பக் கழகம், 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக் கழகம், கலெக்டர் காரியாலயம், சர்க்கார் பள்ளிகள், உதவி பெறும் பள்ளிகள் ஆகியவையும் உண்டு. எல்லாம் பொதுமக்களின் பணத்தால் நடப்பவைதாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கஜானா. வேலை செய்தவனின் முதுமைக் காலத்துக்கு ஒவ்வொன்றிலும் தனித்தனி ஏற்பாடு.

ஓர் அரண்மனையிலிருந்து மற்றோர் அரண்மனைக்குப் போகிறவர்கள் நாள்தோறும் இருக்கிறார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் ஆசிரியர் தேர்வில் வெற்றி பெற்றுப் பள்ளிக்கு வருகிறார். கம்பெனியில் இருந்தவர் சர்க்கார் இலாகாவுக்குப் போகிறார். அப்போது வீட்டில் எல்லாரும் கூடிப் பேசுகிறார்கள். சம்பளம் எவ்வளவு, வீட்டுக்கும் காரியாலயத்துக்கும் எவ்வளவு தூரம், லீவு எப்படி, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். "இதுவரை உழைத்த ஆண்டுகள் என்ன ஆகும்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உபகாரமும் ஊதியமும்

நம் பாட்டனார் காலத்தில் பென்ஷனுக்கு 'உபகாரச் சம்பளம்' என்றொரு பெயர் உண்டு. இன்று நாம் 'ஓய்வூதியம்' என்கிறோம். இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு பெரிய மாறுதல் அடங்கியிருக்கிறது. உபகாரம் என்பது கொடுப்பவன் மனத்தைப் பொறுத்தது. ஊதியமோ உழைத்தவனுக்குச் சேரவேண்டியது.

அந்நிய ஆட்சியில் இயற்றிய 1871-ஆம் வருஷத்துப் பென்ஷன் சட்டம் பழைய சொல்லின் கருத்தையே தாங்கி நின்றது. பென்ஷனைக் கடன்காரர்கள் ஜப்தி செய்யலாகாது என்று அது பாதுகாப்பு அளித்தது உண்மையே. ஆயினும் பென்ஷன் விஷயமாக ஸிவில் கோர்ட்டுக்குப் போவதென்றால் கலெக்டரின் அத்தாட்சி வேண்டும் என்று வாசலிலேயே காவலும் வைத்துவிட்டது. உபகாரம் செய்கிறவனைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமோ என்பது அதன் எண்ணம் போலும்!

சுதந்திரத்துக்குப் பின்னர் நிலைமை மாறிற்று. 1971-இல் தேவகிநந்தன் பிரசாத் என்பவர் பீஹார் ராஜ்யத்தின் மீது தொடர்ந்த வழக்கில், பென்ஷன் என்பது ஒருவனது சொத்துக்கு ஒப்பானது, அதை ஓர் உத்தரவால் பறித்துவிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பின்னர் 1982 டிசம்பர் 17-ஆம் தேதி டி. எஸ். நகரா வழக்கில், பென்ஷன் தருமமுமன்று, எஜமானின் தயவுமன்று, முன்பு செய்த வேலைக்கான கூலியே என்பதை ஐயத்துக்கு இடமின்றி அந்தக் கோர்ட்டு விளக்கியது. பென்ஷன்தாரர்கள் அந்தத் தேதியை இன்றும் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

பென்ஷன் கூலியே என்றால், அது காலம் தாழ்த்திக் கொடுக்கப்படும் கூலி. இன்றைய உழைப்பில் ஒரு பகுதியை எஜமான் கையில் ஒப்படைத்துவிட்டு, முப்பது ஆண்டு கழித்து வாங்கிக்கொள்கிறோம். ஆகவே எஜமானை விட்டு நடுவில் வேறிடம் போகிறவன், ஒப்படைத்ததற்குச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டாமா?

ஒரு சிறு கணக்கு

பள்ளிக்கூடத்துக்காரர்களாகிய நாம் கணக்குப் போடாமல் எதையும் ஒப்புவதில்லை. ஒருவர் ஒரு மத்திய சர்க்கார் இலாகாவில் 9 ஆண்டு வேலை பார்த்தார். பிறகு நம் மாநில சர்க்கார் பணிக்கு வந்து 21 ஆண்டு இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் பழைய பென்ஷன் முறைக்கு உட்பட்டவர். கடைசியாக அவருடைய சம்பளம் மாதம் 60,000 ரூபாய் என்பதும் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் எண்தான்.

மாநிலத்தின் பழைய முறையில் 30 ஆண்டுப் பணிக்குச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அதற்குக் குறைந்தால் அந்த விகிதத்தில் குறையும். முன்னைய 9 ஆண்டும் பின்னைய 21 ஆண்டும் சேர்ந்து 30 ஆனால், அவருக்கு மாதம் 30,000 ரூபாய் வரும். சேராவிட்டால் 21 ஆண்டுக்குரிய 21,000 ரூபாய்தான். போன 9 ஆண்டுக்குத் தனியாக ஏதாவது கிடைக்குமா? கிடைக்காது. பென்ஷன் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும், அவருடையதோ ஒன்பது.

மாதம் 9,000 என்றால் ஆண்டுக்கு 1,08,000. ஓய்வு பெற்றபின் 20 ஆண்டு ஜீவித்திருந்தால் 21,60,000 ரூபாய். அகவிலைப்படியும் இந்தக் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும். அவர் காலத்துக்குப் பின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்தின் கதை இன்னும் தனி. உத்தியோகஸ்தர் பணியிலிருக்கும்போதே இறந்தால், தொடர்ந்து 7 ஆண்டு பணி செய்திருந்தால்தான் குடும்பத்துக்கு உயர்ந்த விகிதத்தில் பென்ஷன் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. மத்திய சர்க்கார் 2019 அக்டோபரிலிருந்துதான் தன் ஊழியர் வரையில் அதைத் தளர்த்தியது. புதிய வேலையில் சேர்ந்து மூன்றாம் ஆண்டில் கணவனை இழந்த ஒரு பெண்ணுக்கு, பழைய வேலையின் ஆண்டுகள் கணக்கில் சேர்ந்தனவா இல்லையா என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நேயர்களே யோசித்துப் பார்க்கலாம்.

ராஜிநாமா என்னும் ஒரு சொல்

இந்த ஒன்பது ஆண்டுகள் எங்கே தொலைகின்றன? சட்டம் வேண்டுமென்றே பறிக்கிறது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அவை ஒரு கடிதத்தில் தொலைகின்றன.

1978-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகளில் 23-ஆம் விதி என்று ஒன்று உண்டு. மத்திய சர்க்கார் விதிகளிலும் அதே கருத்துள்ள விதி இருக்கிறது. உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்தால் அதுவரை செய்த சேவை முழுவதும் அற்றுப்போகும் என்பது அதன் முதல் பாதி. உரிய அனுமதி பெற்று, சேவை கணக்கில் சேரும் மற்றொரு சர்க்கார் உத்தியோகத்தை ஏற்பதற்காகச் செய்த ராஜிநாமாவானால் அற்றுப்போகாது என்பது இரண்டாம் பாதி. முதல் பாதியைத் தெரிந்தவர்களே குறைவு; இரண்டாம் பாதியைத் தெரிந்தவர்கள் அதிலும் குறைவு.

"சொந்தக் காரணங்களை முன்னிட்டு என் வேலையை ராஜிநாமாச் செய்கிறேன்" என்று பலர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். மரியாதையான வாக்கியம்தான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தால் பத்தாண்டு உழைப்புக்கு முழுக்குப் போட்டாயிற்று! "இன்ன இலாகாவில், இன்ன உத்தியோகத்துக்கு, உரிய வழியாக விண்ணப்பித்துத் தேர்வாகியிருக்கிறேன், அதில் சேரும் பொருட்டு என்னை விடுவிக்க வேண்டுகிறேன்" என்று எழுதியிருந்தால் அதன் பலனே வேறு. ஆங்கிலத்தில் 'டெக்னிகல் ரெசிக்னேஷன்' என்று வழங்குவது இதுதான். பெயருக்கு ராஜிநாமா, உண்மையில் ஒரு சர்க்கார் படியிலிருந்து இன்னொரு படிக்கு ஏறுவது.

இதில் கோர்ட்டுகள் இரக்கம் காட்டும் என்று நம்பியிருப்பதும் ஆபத்து. டில்லி நகரத்தின் மின்சார விநியோகப் பணியில் ஏறத்தாழ 20 ஆண்டு உழைத்த ஊழியர் ஒருவர் 1990 ஜூலையில் ராஜிநாமாச் செய்தார். அதைத் தாமே விலகி ஓய்வு பெற்றதாகக் கருதிப் பென்ஷன் தரவேண்டும் என்று பின்னர் வழக்காடினார். கீழ்க் கோர்ட்டுகளில் அவருக்கு வெற்றி கிட்டிற்று. ஆனால் 2019 டிசம்பர் 5-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, ராஜிநாமா வேறு, தாமே விலகி ஓய்வு பெறுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் விதிக்கே பொருளில்லாமல் போய்விடும் என்று தீர்ப்புக் கூறிற்று. எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை அங்கே எவரும் மறுக்கவில்லை. எந்தச் சொல்லால் வெளியே வந்தார் என்பதே வழக்கைத் தீர்மானித்தது.

கஜானாவிலிருந்து கஜானாவுக்கு

அனுமதியோடு வந்தாயிற்று, பழைய ஆண்டுகளுக்கான பணத்தை யார் கொடுப்பது? இந்தத் தொல்லை முற்காலத்தில் பெரிதாயிருந்தது. மத்திய சர்க்காரிலும் மாநில சர்க்காரிலும் மாறி மாறி வேலை செய்தவருக்குப் பென்ஷன் தர வேண்டுமானால், இரண்டு கஜானாக்களும் தத்தம் பங்கைப் பிரித்துக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் ஓய்வு பெற்று வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, அவருடைய கணக்குக் கட்டு ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

1987 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் அந்தப் பங்கீட்டை எடுத்துவிட்டார்கள். ஓய்வு பெறும்போது எந்த சர்க்காரின் நிரந்தர ஊழியரோ அந்த சர்க்காரே முழுப் பென்ஷனையும் ஏற்றுக்கொள்வது. முன்னைய சர்க்காரிடம் பங்கு கேட்பதில்லை என்று தீர்மானமாயிற்று. சிலர் இங்கிருந்து அங்கே போகிறார்கள். சிலர் அங்கிருந்து இங்கே வருகிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஏறக்குறையச் சரியாகிவிடும் என்ற நல்ல எண்ணமே இதற்கு அடிப்படை. சர்க்கார் செய்த புத்திசாலித்தனமான காரியங்களுள் இதை ஒன்றாகச் சொல்லலாம்.

சுயாதீன ஸ்தாபனங்களின் விஷயம் வேறு. பல்கலைக் கழகம், தொழில்நுட்பக் கழகம், ஆராய்ச்சி நிலையம் முதலியவை சர்க்கார் பணத்தால் நடந்தாலும் சர்க்கார் இலாகாக்கள் அல்ல. இவற்றுக்கும் மத்திய சர்க்காருக்கும் இடையே மாறுகிறவர்களுக்காக 1984 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஓர் உத்தரவு பிறந்தது. பென்ஷன் திட்டம் உள்ள ஸ்தாபனமானால், அங்கே செய்த சேவைக்குரிய பொறுப்பை அந்த ஸ்தாபனம் மொத்தத் தொகையாகச் செலுத்திவிடும். ஊழியரின் ஆண்டுகள் தொடர்ந்து எண்ணப்படும். பென்ஷன் இல்லாமல் சேம நிதி மட்டும் உள்ள ஸ்தாபனமானால், அதில் எஜமான் கட்டிய பங்கை வட்டியுடன் புதிய கஜானாவில் ஒப்படைத்துவிட்டு ஆண்டுகளை வாங்கிக்கொள்ளலாம். அல்லது பணத்தைக் கையில் பெற்றுக்கொண்டு ஆண்டுகளை விட்டுவிடலாம்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது. இந்த இரண்டில் ஒன்றை ஓர் ஆண்டுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் இருந்துவிட்டால், பணத்தையே விரும்பியதாகக் கொள்ளப்படும். புது வேலை, புது ஊர், புது வாடகை வீடு என்ற பரபரப்பில் ஓர் ஆண்டு ஓடிப்போவது தெரியுமா? வாய் திறவாமல் இருந்ததையே சம்மதமாகக் கொண்டு சட்டம் மேலே நடந்துவிடுகிறது.

இந்தக் கெடு நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் சர்க்கார் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், வைத்திய ஊழியர்கள், ஸ்தல ஸ்தாபன ஊழியர்கள் ஆகியோருடைய பென்ஷன் திட்டங்கள் பல சேர்ந்து ஒரு கூட்டு ஏற்பாடு வைத்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவரின் உரிமை ஏறக்குறையக் குறைவின்றிப் புதிய திட்டத்தில் வரவு வைக்கப்படுகிறது. ஆனால் அங்கும் புதிய திட்டத்தில் சேரத் தகுதி பெற்ற 12 மாதத்துக்குள் கேட்க வேண்டும். கேட்டவருக்கே கொடுப்பது என்பது தேசம் கடந்த வழக்கமாகத் தெரிகிறது.

இலாகாவே மாறினால்

ஒரு விந்தையைப் பாருங்கள். தனி ஆள் மாறும்போது இவ்வளவு கெடுபிடி. ஆயிரக்கணக்கானவர் மொத்தமாக மாறும்போதோ சர்க்கார் முன்வந்து எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடுகிறது. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி சென்னையிலிருந்து ஆந்திரம் பிரிந்தபோது, பென்ஷன் பொறுப்பை இரு ராஜ்யங்களும் பங்கிட்டுக்கொள்வதற்குச் சட்டத்திலேயே இடம் வைத்தார்கள். 2000 அக்டோபர் 1-ஆம் தேதி டெலிபோன் இலாகா பி.எஸ்.என்.எல். கம்பெனியாக மாறியபோது, அதில் நிரந்தரமாகச் சேர்க்கப்பட்ட பழைய இலாகா ஊழியர்களுக்கு இரண்டு இடத்துச் சேவையையும் கூட்டி சர்க்காரே பென்ஷன் தருவதென்று பென்ஷன் விதிகளில் புதிய விதி ஒன்றைப் புகுத்தினார்கள். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிந்தபோது, திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றன்கீழ்ப் போயிற்று. அங்கே வேலை செய்தவர்கள் அன்று முதல் கம்பெனிக்கு இரவல் கொடுக்கப்பட்ட மத்திய சர்க்கார் ஊழியர்களாகவே கருதப்பட்டார்கள். அவர்களுடைய சேவை நிபந்தனைகளுக்குப் பங்கம் வராது என்று வாக்கும் அளிக்கப்பட்டது.

ஆசிரியர் கூட்டத்துக்கும் இத்தகைய அனுபவம் உண்டு. உதவி பெறும் தனியார் பள்ளி ஆசிரியர்கள் ஒரு காலத்தில் சேம நிதியோடு திருப்தியடைய வேண்டியவர்களாயிருந்தார்கள். காமராஜ் முதன்மந்திரியாயிருந்த காலத்தில், 1955-இல், சேம நிதி, இன்ஷியூரன்ஸ், பென்ஷன் ஆகிய மூன்றும் சேர்ந்த திட்டம் சென்னை ராஜ்யத்தில் தொடங்கப்பட்டது. அதன் பிறகுதான் சர்க்கார் பள்ளி ஆசிரியருக்கும் தனியார் பள்ளி ஆசிரியருக்கும் முதுமையில் இருந்த பேதம் குறையத் தொடங்கிற்று.

கூட்டமாகப் போகிறவர்களுக்குச் சங்கம் இருக்கிறது; பேச ஆள் இருக்கிறது. தனியாகப் போகிறவனுக்கு அவனே சங்கம், அவனே தலைவன், அவனே காரியதரிசி. ஆதலால் அவன் இருமடங்கு விழிப்போடிருக்க வேண்டும்.

கம்பெனிக்குப் போகிறவரும் கம்பெனியிலிருந்து வருகிறவரும்

மத்திய சர்க்காரை விட்டு, அனுமதியோடு, பொதுத்துறைக் கம்பெனியில் நிரந்தரமாகச் சேருகிறவர் அன்றே சர்க்காரிலிருந்து ஓய்வு பெற்றவராகக் கருதப்படுவார். 10 ஆண்டுச் சேவை இருந்தால் அதற்கேற்ற பென்ஷன் கிடைக்கும். முன்பெல்லாம் இந்தப் பென்ஷன் முழுவதையும் ஒரே தொகையாக வாங்கிக்கொள்ளவும் இடமிருந்தது. வீடு கட்டவும் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யவும் அந்தத் தொகை பயன்பட்டது. ஆனால் முதுமை வந்தபோது மாத வருமானம் இல்லை. மற்றப் பென்ஷன்தாரர்கள் தொகையாக வாங்கிக்கொண்ட பகுதி 15 ஆண்டுக்குப் பின் மீண்டும் மாதப் பென்ஷனில் சேரும்போது எங்களுக்கு மட்டும் ஏன் இல்லை என்று இவர்கள் சங்கம் கூட்டி வழக்காடினார்கள். 1995 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, மூன்றில் ஒரு பங்கை அவர்களுக்கும் திருப்பித் தரவேண்டும் என்றது. மொத்தத் தொகை கண்ணுக்கு அழகாயிருக்கும். மாதாந்தரத் தொகைதான் அடுப்பெரிக்கும்.

கம்பெனியிலிருந்து சர்க்காருக்கு வருகிறவர் நிலை வேறு. கம்பெனிகளிலும் தொழிற்சாலைகளிலும் சேம நிதியோடு, 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த ஊழியர் பென்ஷன் திட்டம் இருக்கிறது. அந்த ஆண்டுகள் சாதாரணமாக சர்க்கார் பென்ஷனுக்கு எண்ணப்படுவதில்லை. அதனால் அவை வீண் என்று எண்ணிப் பணத்தை எடுத்துச் செலவழித்துவிடுவது சரியன்று. அந்தத் திட்டத்தில் 10 ஆண்டுச் சேவை முடிந்திருந்தால், 58 வயதில் தனிப் பென்ஷனாகவே அது வந்து சேரும். உதாரணமாக, பென்ஷனுக்குரிய சம்பளம் 15,000 ரூபாயாகவும் சேவை 14 ஆண்டாகவும் இருந்தால், பெருக்கி 70-ஆல் வகுக்க, மாதம் 3,000 ரூபாய் ஆகிறது. விலகும்போது 'ஸ்கீம் சர்ட்டிபிகேட்' என்னும் சான்றைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். 10 ஆண்டு முடியாதவர்களும், பின்னால் மறுபடி கம்பெனி வேலைக்குப் போகக்கூடும் என்று தோன்றினால், பணத்துக்குப் பதிலாக அந்தச் சான்றை வாங்கலாம். பழைய ஆண்டுகளும் புதிய ஆண்டுகளும் அப்போது சேர்ந்துகொள்ளும்.

புதிய முறை வந்தபின்

2003 ஏப்ரல் 1-ஆம் தேதிக்குப் பின் தமிழ்நாடு சர்க்கார் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை வந்தது. 2004 ஜனவரி 1 முதல், முப்படைகள் நீங்கலாக, மத்திய சர்க்காரிலும் தேசியப் பென்ஷன் முறை வந்தது. ஆண்டுகளை எண்ணிய இடத்தில் இப்போது கணக்கில் சேர்ந்த பணத்தை எண்ணலானார்கள். தேசிய முறையில் ஒவ்வொருவருக்கும் 12 இலக்கம் கொண்ட நிரந்தர எண் ஒன்று உண்டு. வேலை மாறினாலும் எண் மாறாது, பணமும் அதன் பின்னே வரும். மாறுகிறவருக்கு இது ஒரு பெரிய சௌகரியம்தான். ஆனால் தமிழ்நாட்டின் பங்களிப்பு முறை தேசிய முறையோடு சேராமல் தனியாகவே தொடங்கி நடந்தது; ஆகவே இரண்டுக்கும் இடையே மாறியவர்கள் தத்தம் கணக்கை இரண்டு இடத்திலும் விசாரித்துத் தீர்க்கவேண்டியவர்களானார்கள்.

இந்தத் தேதிகளுக்கு முன்பே சர்க்காரில் சேர்ந்து, பின்னர் உரிய அனுமதியோடு மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்கு மாறியவர்கள் பழைய முறையிலேயே தொடரலாம் என்று மத்திய சர்க்கார் உத்தரவுகள் இடம் தந்தன. இங்கும் 'உரிய அனுமதியோடு' என்ற இரு சொற்களே வாசற்கதவின் சாவி. இடையில் ராஜிநாமாவால் சேவை அறுந்தவருக்கு, பழைய முறையே பறிபோகக்கூடும்.

2025 ஏப்ரல் 1 முதல் மத்திய சர்க்காரில் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் ஆண்டுக் கணக்கு மறுபடியும் தலைகாட்டியிருக்கிறது. 25 ஆண்டுப் பணிக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 10 ஆண்டுக்கு மேல் குறைந்தால் அந்த விகிதம். திட்டங்களின் பெயரும் பங்கும் மாறிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே வேலை மாறுகிறவர் அண்டை வீட்டுக்காரரின் பழைய அனுபவத்தை நம்பாமல், அன்று அமலிலுள்ள உத்தரவைப் படித்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

பெட்டியில் இருக்கவேண்டிய காகிதங்கள்

எளிய சில யோசனைகளைக் கூறுவோம். முதலாவது, புதிய வேலைக்கு விண்ணப்பிக்கும்போதே பழைய காரியாலயத்தின் வழியாக விண்ணப்பியுங்கள். அல்லது தடையில்லை என்ற சான்று பெறுங்கள். இரண்டாவது, ராஜிநாமாக் கடிதத்தில் எந்த வேலைக்குப் போவதற்காக விலகுகிறீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அதை ஏற்றுக்கொண்ட உத்தரவிலும் அந்தக் காரணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, விடுவித்த தேதிக்கும் புதிதாகச் சேர்ந்த தேதிக்கும் நடுவே இடைவெளி விழாதிருக்கட்டும். பயணத்துக்கு விதி அனுமதிக்கும் நாட்களுக்கு மேல் போனால், அதை லீவாகவோ மன்னிப்பு உத்தரவாகவோ எழுத்தில் சரிப்படுத்துங்கள்.

நான்காவது, புதிய இடத்தில் சேர்ந்த உடனே, முன்னைய சேவையைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். ஐந்தாவது, பணிப் பதிவேட்டைப் பாருங்கள். ஆண்டுதோறும் அதைப் பார்த்துக் கையெழுத்திடும் உரிமை ஊழியருக்கு உண்டு. பலர் பார்க்காமலே கையெழுத்திடுகிறார்கள்! மத்திய சர்க்காரில் 18 ஆண்டுச் சேவை முடிந்ததும், ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு முன்னரும் சேவையைச் சரிபார்த்துச் சான்று தரவேண்டும் என்றே விதி இருக்கிறது. பழைய இலாகாவின் ஆண்டுகள் அதில் இல்லையென்றால் உடனே கேளுங்கள். இன்று காரியாலயத்தில் இருக்கும் குமாஸ்தாவுக்கு உங்களைத் தெரியும், இருபது ஆண்டு கழித்து அங்கே உங்கள் பெயரைக் கேட்டால், "அந்தக் கட்டு எங்கேயோ?" என்பார்கள்.

குடும்பத் தலைவிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் காகிதங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். குடும்ப ஓய்வூதியம் கோரிப் படியேற வேண்டியவர் உங்கள் கணவரல்லர். அநேகமாக நீங்களாகவே இருப்பீர்கள். நியமனப் பத்திரத்தில் உங்கள் பெயரும் குழந்தைகள் பெயரும் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்பதைக் கல்யாணப் பத்திரிகையைப் பார்ப்பது போல் எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சர்க்கார் செய்யவேண்டியது

இவ்வளவு பொறுப்பையும் ஊழியன் தலையிலேயே சுமத்துவது நியாயமா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. மத்திய சர்க்காரும் மாநில சர்க்காரும் தம் பங்குச் சண்டையை 1987-இல் தீர்த்துக்கொண்டது போல், பொதுப்பணத்தால் நடக்கும் எல்லா ஸ்தாபனங்களும் ஒரே உடன்படிக்கைக்கு வரலாகாதா? விலகும் ஊழியரின் கையில், "இவ்வளவு ஆண்டு பணி செய்தார்; இந்தத் திட்டத்தில் இருந்தார்; இந்தக் கெடுவுக்குள் இன்னதைக் கேட்கலாம்" என்று ஒரு தாளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. விடுவிப்பு உத்தரவோடு அந்த ஒரு தாளும் சேர்ந்திருந்தால் எத்தனையோ வழக்குகள் கோர்ட்டு வாசலை மிதித்திருக்க மாட்டா. ஒருவன் தன் திறமைக்கேற்ற இடத்துக்குப் போவது நாட்டுக்கும் லாபந்தான். நல்ல ஆசிரியராகக்கூடியவர், பென்ஷன் போய்விடுமே என்ற பயத்தால் ஒரு மேஜையின் முன்னேயே முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்தால், நஷ்டம் அவருக்கு மட்டுமா?

அந்த நல்ல நாள் வரும்போது வரட்டும். அதுவரையில் ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். பென்ஷன், ஓய்வு பெற்று மாலை போட்டுக்கொள்ளும் நாளில் தீர்மானமாவதன்று. நடு வயதில், பழைய மேஜையைக் காலி செய்துவிட்டுப் புது உத்தியோகத்தின் சந்தோஷத்தோடு வெளியே வருகிறோமே, அந்த நாளில் எழுதும் நாலு வரியில்தான் அது தீர்மானமாகிறது. அந்த நாலு வரியை நிதானமாக எழுதுவோம்.